வெயிலை வாங்கும் கருமை

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ என்னும் ஊருக்கு அருகே 1982ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ‘சோலார் ஒன்’ என்ற பரிசோதனை மின்நிலையத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கே கோபுரத்தைச் சூழ்ந்து நின்ற 1,818 கண்ணாடிகளையே வியந்து எழுதினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 சதுர மீட்டர் பரப்புடைய அக்கண்ணாடிகள், சூரியன் நகர நகரத் தாமும் திரும்பி, தம்மீது விழுந்த கிரணங்களையெல்லாம் நடுவே உயர்ந்து நின்ற கோபுரத்தின் உச்சிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தன. அத்தனை வெளிச்சமும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் எது என்று பார்த்தால், உலோகக் குழாய்களை நெருக்கமாக நிறுத்தி அமைத்த ஓர் உருளை. அக்குழாய்களின்மேல் பூசப்பட்டிருந்த, விரல் நகத்தின் கனம்கூட இல்லாத ஒரு கரிய வர்ணப்பூச்சு. பாலைவனத்தில் பரப்பிய கண்ணாடியும், நிறுத்திய இரும்பும், செலவிட்ட திரவியமும் பயன் தருவது அந்தப் பூச்சு தன்மேல் விழுந்த ஒளியை வாங்கிக்கொள்வதைப் பொறுத்தே இருந்தது. சில ஆண்டுகளில் அதன் உறிஞ்சும் திறன் குறையவே, குழாய்களுக்கு மீண்டும் வர்ணம் பூச வேண்டியதாயிற்று.

வர்ணம் பூசுவது ஒரு வேலையின் முடிவில் அழகுக்காகச் செய்வது என்று எண்ணியே பழகியிருக்கிறோம். சூரிய உஷ்ணத்தைப் பயன்படுத்தும் யந்திரங்களில் காரியம் நேர்மாறானது. அங்கே பூச்சுதான் யந்திரத்தின் முதல் உறுப்பு. அந்தப் பூச்சுக்குக் கருமை தருகின்ற நிறமியோ, பல உலோகங்களைப் பிராணவாயுவோடு சேர்த்துச் சுட்டெடுத்த ஆக்ஸைடுகளின் மிக நுண்ணிய தூள். அத்தூள் எப்படிப்பட்டது, ஏன் அவ்வளவு நுண்மையாக இருக்க வேண்டும், அதை எவ்விதம் செய்கிறார்கள் என்பவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கருமைக்கு இரண்டு பரீட்சைகள்

கறுப்பாக இருப்பது எதுவாயினும் வெயிலை நன்றாக வாங்கும் என்பது நடைமுறையில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அது பாதி உண்மைதான். நம் கண் காணக்கூடிய ஒளி 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரையுள்ள அலைநீளங்களில் அடங்கிவிடுகிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனிடமிருந்து நிலத்தை வந்தடையும் சக்தியோ 0.3 மைக்ரானிலிருந்து ஏறத்தாழ 2.5 மைக்ரான் வரை விரிந்து கிடக்கிறது. அதில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் இருக்கிறது. ஆகவே கண்ணுக்கு மை போலத் தோன்றும் ஒரு பூச்சு, அந்தத் தெரியாத பாதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கக் கூடும். கூரைகள் சூடேறாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அவ்விதம் செய்யப்பட்ட கறுப்பு நிறமிகளும் உண்டு. குரோமியமும் இரும்பும் கலந்த சில ஆக்ஸைடுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. சூரிய அடுப்புக்கோ வெந்நீர்க் கலத்துக்கோ அவற்றைப் பூசினால் பிரயோஜனம் இல்லை. ஒரு நிறமி வெயிலின் முழு விரிவையும் வாங்குகிறதா என்பதே முதல் பரீட்சை. வாங்கும் பங்கை உறிஞ்சுதிறன் என்கிறோம்.

இரண்டாவது பரீட்சை இதனினும் கடினமானது. சூடேறிய எந்தப் பொருளும் தன் உஷ்ணத்தைக் கிரணங்களாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். எந்த அலைநீளத்தில் ஒரு பொருள் நன்றாக உறிஞ்சுகிறதோ அதே அலைநீளத்தில் அது நன்றாக உமிழவும் செய்யும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கிர்ஹாஃப் நிலைநாட்டிய விதி. அப்படியானால் நல்ல கறுப்பு வாங்கியதையெல்லாம் திரும்ப இழந்துவிடுமே என்று தோன்றும். இங்கேதான் இயற்கை ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சூரியன் மிக உக்கிரமான உஷ்ணமுடையதாகையால் அதன் ஒளி 0.5 மைக்ரானை ஒட்டி உச்சத்தை அடைகிறது. 100 டிகிரி சூடுள்ள ஒரு தகடு வெளிவிடும் கிரணங்களின் உச்சமோ 8 மைக்ரானுக்கு அருகே இருக்கிறது. வருகின்ற அலையும் போகின்ற அலையும் வேறு வேறாக இருப்பதால், குறுகிய அலைகளுக்குக் கறுப்பாகவும் நீண்ட அலைகளுக்குப் பளபளப்பான உலோகமாகவும் நடந்துகொள்ளும் ஒரு மேற்பரப்பை அமைக்க முடிந்தால், வெயிலை வாங்கிக்கொண்டு உஷ்ணத்தை விடாமல் வைத்திருக்கலாம். இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி டேபர் 1955இல் அரிஸோனாவில் நடந்த சூரியசக்தி மாநாட்டில் இத்தகைய மேற்பரப்புகளைப் பற்றி எடுத்துரைத்தார்; அது முதற்கொண்டு ‘தேர்ந்து உறிஞ்சும் பூச்சு’ என்பது தனியொரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது.

இதன் பயன் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் சக்தியைக் கொண்டுவருகிறது. 100 டிகிரிக்குச் சூடேறிய முழுக் கறுப்புத் தகடு ஒன்று, சுற்றுப்புறத்திலிருந்து தனக்குத் திரும்பக் கிடைப்பதைக் கழித்த பிறகும், சதுர மீட்டருக்கு 0.6 கிலோவாட் அளவு கிரணங்களாக இழந்துவிடும். மேலே கண்ணாடி மூடியிருந்தால் நஷ்டம் குறையும், ஆயினும் அற்றுப்போகாது. இவ்விதம் வெளிவிடும் அளவாகிய உமிழ்திறனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்த பூச்சில் அந்த இழப்பும் பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே வீட்டு மாடியில் உள்ள வெந்நீர்க் கலத்துக்கு இரண்டாவது பரீட்சையே உயிர்.

கோபுர மின்நிலையத்தில் நியாயம் மாறுகிறது. அங்கே கண்ணாடிகள் குவித்து அனுப்பும் ஒளி சதுர மீட்டருக்கு 600 கிலோவாட், சில இடங்களில் 1,000 கிலோவாட் வரையிலும் இருக்கும். மேற்பரப்பு 750 டிகிரிக்கு ஏறினால், முழுக் கறுப்பும் சதுர மீட்டருக்கு 62 கிலோவாட்தான் உமிழும். 600 கிலோவாட் வரும் இடத்தில் உறிஞ்சுதிறனை நூற்றுக்கு ஒரு பங்கு உயர்த்துவதால் கிடைக்கும் ஆதாயம், உமிழ்திறனை நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைப்பதால் கிடைக்கும் ஆதாயத்துக்குச் சமம். ஆகையால் அங்கே முதல் பரீட்சையே பிரதானம். அதனோடு, ஆண்டுக்கணக்கில் அந்த உக்கிரத்தில் நின்று பொறுக்கும் உறுதியும் வேண்டும். ஒரே கறுப்பு எல்லா இடத்துக்கும் ஏற்றதாகாது என்பதை இந்தக் கணக்கு நன்றாக விளக்குகிறது.

ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள்

விளக்குக்கரியைவிட மலிவான கறுப்பு உலகத்தில் இல்லை. வெயிலை உறிஞ்சுவதிலும் அது சளைத்ததன்று. அதையே பூசிவிடலாமே என்றால், கரி என்பது எரியக்கூடிய பொருள். காற்றுப்படச் சில நூறு டிகிரி உஷ்ணத்தில் வைத்தால் அது மெல்ல மெல்லப் பிராணவாயுவோடு கூடிப் புகையாகப் போய்விடும். அன்றியும், கரி நீண்ட அலைகளிலும் கறுப்பாகவே இருப்பதால் வாங்கிய உஷ்ணத்தை விட்டுவிடும் குணமும் அதற்கு உண்டு.

உலோக ஆக்ஸைடுகளின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அவை பிராணவாயுவோடு ஏற்கெனவே கூடி முடிந்தவை. இனி எரிவதற்கு அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. நம்முடைய சித்த மருத்துவர்கள் உலோகங்களைப் புடமிட்டுப் பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்குவதில், நெருப்பைக் கடந்து வந்த பொருள் பிறகு எளிதில் மாறாது என்ற அறிவு அடங்கியிருக்கிறது. பூச்சுக்கான நிறமியும் அதே விதமாகத் தன் வாழ்நாளில் சந்திக்கப்போகும் உஷ்ணத்தைப் பிறக்கும்போதே சந்தித்துவிட்டால், பிறகு அதை அசைப்பது கடினம்.

இந்த ஆக்ஸைடுகளில் சிறந்தவை ‘ஸ்பைனல்’ என்ற அமைப்புடையவை. ஸ்பைனல் என்பது இயற்கையில் ஓர் இரத்தினக்கல். பர்மாவிலும் இலங்கையிலும் கிடைப்பது. பிரிட்டிஷ் அரசமுடியில் பதித்திருக்கும் ‘பிளாக் பிரின்ஸ் ரூபி’ என்ற புகழ்பெற்ற சிவப்புக் கல், பெயரில் ரூபியாக இருந்தாலும், உண்மையில் மாணிக்கம் அன்று, ஸ்பைனல்தான். அந்தக் கல்லில் மக்னீசியமும் அலுமினியமும் பிராணவாயு அணுக்களுக்கிடையே ஓர் ஒழுங்கில் அமர்ந்திருக்கின்றன. பிராணவாயு அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்போது இடையிடையே இரண்டு விதமான குழிவுகள் ஏற்படுகின்றன. நான்கு அணுக்களால் சூழப்பட்டது ஒன்று, ஆறு அணுக்களால் சூழப்பட்டது மற்றொன்று. மக்னீசியமும் அலுமினியமும் இருந்த இக்குழிவுகளில் தாமிரம், குரோமியம், இரும்பு, மாங்கனீஸ், கோபால்ட் முதலிய உலோகங்களைக் குடியேற்றினால், கல்லின் உறுதி மாறாமல் நிறம் மட்டும் கருமையாகிவிடுகிறது. காரணம், இவ்வுலோகங்களின் எலெக்ட்ரான்கள் ஒளியைப் பெற்றுக்கொண்டு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கும், ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்கும் தாவக்கூடியவை. தாவல்கள் பலவிதமாக இருப்பதால் உறிஞ்சப்படும் அலைகளும் பலவாகி, வெயிலின் விரிவு முழுவதும் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. தாமிரமும் குரோமியமும் சேர்ந்த காப்பர் குரோமைட், தாமிரம், இரும்பு, மாங்கனீஸ் மூன்றும் சேர்ந்த ஆக்ஸைடு, மாங்கனீஸ் ஃபெரைட், கோபால்ட் ஆக்ஸைடு ஆகியவை இவ்வகையில் பேர்பெற்றவை.

ஏன் அவ்வளவு நுண்மை?

கட்டியாகவோ பருந்தூளாகவோ இருக்கும் ஆக்ஸைடுக்கு ஒரு குறை உண்டு. அதன் ஒளிவிலகல் எண் 2.5 என்று வைத்துக்கொண்டால், வழவழப்பான அதன் முகத்தில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கு உள்ளே புகாமலே திரும்பிவிடும். உள்ளே எவ்வளவு பசி இருந்தாலும் வாசலிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் என்ன பயன்? அதே பொருளை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களாக்கி, இடையிடையே காற்றும் பிசினும் கலந்து நிற்கும்படி அமைத்தால், ஒளிக்குத் துகள் தனியாகவும் இடைவெளி தனியாகவும் தோன்றுவதில்லை. இரண்டும் கலந்த ஓர் இடைநிலைப் பொருளாகவே தோன்றுகிறது. அப்பொருளின் விலகல் எண் 1.5 அளவுக்கு இறங்கினால், திரும்பும் ஒளி நூற்றுக்கு 4 பங்காகக் குறைந்துவிடும். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தால், திரும்பிய ஒளியும் அடுத்த மேட்டில் மோதி உள்ளே போய்விடும்.

இரண்டாவது காரணம், முன்சொன்ன இரண்டாவது பரீட்சையோடு சம்பந்தப்பட்டது. மைக்ரானைவிடப் பன்மடங்கு சிறிய, சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் 8 மைக்ரான் நீளமுள்ள உஷ்ண அலைக்கு ஒரு பொருட்டே அல்ல. பளபளப்பான அலுமினியத் தகட்டின்மேல் இத்தகைய நிறமி கலந்த வர்ணத்தை 2 மைக்ரான் கனத்துக்கு மெல்லிசாகப் பூசினால், சூரிய ஒளி அந்தப் பூச்சிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்ட உஷ்ண அலைகளோ பூச்சை ஏறக்குறையத் தடையின்றி ஊடுருவிச் செல்வதால், அடியிலுள்ள அலுமினியத்தின் குணமே மேலோங்கி நிற்கும். அலுமினியம் மிகக் குறைவாக உமிழும் உலோகமாகையால் தகட்டின் உஷ்ணம் காக்கப்படுகிறது. சதுர மீட்டருக்கு மூன்று கிராம் அளவில் பூசவேண்டிய இந்த வர்ணத்தைச் சற்றுத் தடிப்பாகப் பூசிவிட்டால் பிசினே உஷ்ணத்தை உமிழத் தொடங்கிவிடும். மெல்லியதாகப் போனால் வெயில் முழுவதும் அடங்காது. ஸ்லோவேனியாவின் தலைநகரான லியூப்லியானாவில் உள்ள தேசிய ரசாயன நிலையத்தார் இவ்வகைப் பூச்சுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து செம்மைப்படுத்தியிருக்கிறார்கள்.

நெருப்பில் பிறக்கும் தூள்

இனித் தூளைச் செய்யும் விதம். பழைய வழி, உலோக ஆக்ஸைடுகளைத் தனித்தனியே எடுத்துக் கலந்து அரைத்து, உயர்ந்த உஷ்ணத்தில் நெடுநேரம் வைத்துச் சுட்டு, பிறகு மறுபடியும் அரைப்பது. பெயிண்டுத் தொழிலுக்கான கறுப்பு நிறமிகள் பெரும்பாலும் இவ்விதமே செய்யப்படுகின்றன. ஆனால் நெடுநேரம் சுடும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடுகின்றன. நானோ அளவு கைநழுவிப் போகிறது.

இரண்டாவது வழி, உப்புகளை ஜலத்தில் கரைத்துக் காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு, எல்லா உலோகங்களையும் ஹைட்ராக்ஸைடு வண்டலாக ஒருங்கே படிய வைப்பது. கேட்பதற்கு எளிதாயிருந்தாலும் இதில் நிதானம் வேண்டும். இரும்பும் குரோமியமும் கரைசல் இன்னும் புளிப்பாக இருக்கும்போதே படியத் தொடங்கிவிடும். தாமிரம் அதற்குப் பின்னும், மாங்கனீஸ் காரம் நன்றாக ஏறிய பின்னருமே இறங்கும். காரம் மிஞ்சினாலோ படிந்த குரோமியம் திரும்பக் கரையும். வண்டலை, காரத்திலிருந்து வந்த சோடியம் நீங்கும் மட்டும் பல தடவை ஜலம் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு சுட்டெடுக்க வேண்டும். இதுவன்றி, டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலத்தில் கரைசலை அடைத்து, ஜலம் ஆவியாக வெளியேற வழியின்றி 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து, உள்ளேயே துகள்களை விளையச் செய்யும் முறையும் உண்டு.

மூன்றாவது வழி நம் நாட்டில் செழித்தது; ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜே.ஜே. கிங்ஸ்லியும் பேராசிரியர் கே.சி. பாட்டீலும் 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில், அலுமினியம் நைட்ரேட் 20 கிராமும் யூரியா 8 கிராமும் கலந்த கரைசலை, 500 டிகிரிக்குச் சூடேற்றிய மஃபிள் உலைக்குள் ஒரு சிறு பாத்திரத்தில் வைத்தால் என்ன நிகழ்கிறது என்பதை விவரித்தார்கள். கரைசல் கொதிக்கிறது, ஜலம் ஆவியாகிப் போகிறது, மிஞ்சிய கூழ் நுரைத்துப் பொங்குகிறது, திடீரென்று அந்த நுரையில் தீப்பிடித்து, கண் கூசும் வெண்மையோடு எரிந்து அடங்குகிறது. ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பாத்திரம் நிறைய எஞ்சி நிற்பது பஞ்சுபோன்ற வெண்ணுரை. அதுதான் ஆல்ஃபா அலுமினா. சாதாரண முறையில் 1,100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சுட்டால் அல்லாது கிடைக்காத அப்பொருள், 500 டிகிரி உலையிலிருந்து வந்ததற்குக் காரணம், சேர்மானத்துக்குள்ளேயே கிளம்பிய நெருப்பின் உஷ்ணம் உலையின் உஷ்ணத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்ததே.

இதிலுள்ள சூக்ஷ்மம், ராக்கெட்டுகளுக்கான எரிபொருள் சாஸ்திரத்திலிருந்து வந்தது. நைட்ரேட் உப்பு பிராணவாயுவைக் கொடுப்பது. யூரியா அதைப் பெற்று எரிவது. இரண்டும் சரியான விகிதத்தில் இருந்தால், வெளியிலிருந்து காற்றின் உதவி இல்லாமலே எரிதல் பூர்த்தியாகும். அந்த விகிதத்தைப் பள்ளிக்கூட ரசாயனம் கற்றவரும் போட்டுப் பார்க்கலாம். காப்பர் குரோமைட் கறுப்புத் தூளைச் செய்ய, காப்பர் நைட்ரேட் 2.4 கிராமும் குரோமியம் நைட்ரேட் 8 கிராமும் எடுத்தால், யூரியா 4 கிராம் போட வேண்டும். மொத்தம் 14.4 கிராமில், கடைசியில் மிஞ்சும் தூள் 2.3 கிராம் மாத்திரமே. மற்றதெல்லாம் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் நைட்ரஜனாகவும் போய்விடுகிறது. போகும் வாயுக்களைச் சாதாரண உஷ்ணநிலையில் அளந்தாலும் 12 லிட்டருக்கு வரும். எரியும் சூட்டிலோ அது பல மடங்கு. அவ்வளவு வாயு அந்தச் சிறு கூழைத் துளைத்துக்கொண்டு சில நொடிகளில் வெளியேறுவதால்தான், துகள்கள் ஒட்டிப் பருப்பதற்கு அவகாசமில்லாமல் நுரையாகச் சிதறி நிற்கின்றன. நெருப்பு பொருளை உருவாக்குகிறது. நெருப்போடு கிளம்பும் வாயு அப்பொருளைப் பிரித்து வைக்கிறது. உலோகங்களும் கரைசலில் அணு அணுவாகக் கலந்திருந்தவையாகையால், நெடுநேரம் சுட்டு அவற்றைக் கலக்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை.

இம்முறையில் எச்சரிக்கைகளும் உண்டு. எரிதல் சரியாக நடக்காவிட்டால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் செம்பழுப்புப் புகையாகக் கிளம்பும். அது நுரையீரலுக்குக் கொடிய விஷம். ஆகவே புகைபோக்கி உள்ள அறையில் அல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அளவைக் கூட்டும்போது கொந்தளிப்பும் கூடுவதால், கிராமில் செய்ததைக் கிலோவில் செய்யுமுன் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். குரோமியம் சேர்ந்த தூளை அரைகுறையாகச் சுட்டால், ஆறு இணைதிறனுள்ள விஷ குரோமியம் அதில் தங்கிவிடக்கூடும். அதனால் தூளை மறுபடியும் 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து நன்றாகப் பக்குவப்படுத்துவது வழக்கம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தாமிரம், இரும்பு, மாங்கனீஸ் சேர்ந்த ஆக்ஸைடுகளை நாடுவோரும் பலர்.

தூளிலிருந்து பூச்சு

தூள் கிடைத்துவிட்டால் பூச்சு கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. 50 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாலான ஒரு கிராம் தூளின் மேற்பரப்பைக் கூட்டினால் 20 சதுர மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு பரப்பும் ஒன்றையொன்று இழுப்பதால், தூள் சும்மா இருக்கும்போதே திரண்டு கட்டிகளாகிவிடுகிறது. கட்டியாகவே பூசினால் நானோத் தூள் என்ற பெயர்தான் மிஞ்சும், குணம் மிஞ்சாது. எனவே சிர்கோனியாவாலான சிறு மணிகளோடு தூளையும், கட்டி பிரிந்து நிற்க உதவும் துணைப்பொருளையும், கரைப்பானையும் ஆலையில் இட்டுப் பல மணி நேரம் சுழற்றுகிறார்கள். பிறகு சிலிக்கோன் பிசினைச் சேர்க்கிறார்கள். சாதாரண எண்ணெய் வர்ணங்களின் பிசின் 200 டிகிரிக்கு மேல் கருகிப்போகும். சிலிக்கோனோ, தன்னிலுள்ள கரியும் ஹைட்ரஜனும் எரிந்து போன பின்னும் சிலிக்கா என்னும் மணற்சத்தாக மிஞ்சி நின்று நிறமியைப் பிடித்துக்கொள்கிறது. கோபுரக் குழாய்களுக்குப் பூசும்போது, மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய உலோகத்தின்மேல் ஸ்ப்ரே கன்னால் தெளித்து, உலர வைத்து, 250 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறுகச் செய்து, பின்னரே படிப்படியாக உயர்ந்த உஷ்ணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் பூச்சு வெடித்து உரிந்துவிடும்.

சோதிப்பதும் ஒரு கலையே. உட்புறமெல்லாம் தூய வெண்மை பூசிய ஒரு கோளத்தின் பக்கத்தில் பூச்சின் மாதிரித் தகட்டைப் பொருத்தி, ஒவ்வோர் அலைநீளமாக ஒளியை அனுப்பினால், தகட்டிலிருந்து எத்திசையில் திரும்பிய ஒளியும் கோளத்தின் சுவர்களில் மோதி மோதிக் கடைசியில் ஓர் உணர்கருவியை வந்தடைகிறது. திரும்பியது போக மீதி உறிஞ்சப்பட்டது என்று கணக்கு. அந்த அளவீட்டைப் பூச்சு புதிதாக இருக்கும்போது ஒரு தடவை எடுத்தால் போதாது; உலையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வைத்த பிறகும், திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆற்றிய பிறகும் எடுத்தால்தான் அந்தப் பூச்சின் யோக்கியதை தெரியும்.

‘சோலார் ஒன்’ குழாய்களில் பூசப்பட்டு, இன்றளவும் மற்றப் பூச்சுகளுக்கு உரைகல்லாக இருந்துவரும் பைரோமார்க் 2500 என்ற வர்ணத்தின் உறிஞ்சுதிறன் புதிதில் 0.96 அளவு, உமிழ்திறனும் 0.87 அளவு. 700 டிகிரியைத் தாண்டிய உஷ்ணத்தில் காற்றுப்பட நெடுங்காலம் வைத்தால் அதன் திறன் சரிகிறது. உருகிய உப்பைப் பயன்படுத்தும் இன்றைய கோபுரங்கள் 565 டிகிரியோடு நிற்கின்றன. அடுத்த தலைமுறை நிலையங்களோ 700 டிகிரிக்கு மேல் இயங்க வேண்டும் என்பது நோக்கம். அமெரிக்க அரசாங்கத்தின் எரிசக்தித் துறை 2011இல் தொடங்கிய ‘சன்ஷாட்’ திட்டத்தின் ஆதரவில், சான் டியகோ நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுங்ஹோ ஜின், ரென்குன் சென், ஜாவெய் லியூ ஆகியோர் இந்தக் குறையைப் போக்க முற்பட்டார்கள். 10 நானோமீட்டரிலிருந்து 10 மைக்ரான் வரை பல அளவுள்ள துகள்களும் மேடுபள்ளங்களும் கலந்து நிற்கும் பூச்சை அமைத்து, விழும் வெயிலில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் உறிஞ்சி, 700 டிகிரிக்கு மேலும் காற்றில் தாங்கக்கூடியது அது என்று 2014இல் அறிவித்தார்கள். கறுப்பு ஆக்ஸைடுகளைக் கொண்டும் அவர்கள் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

நமக்குரிய காரியம்

வெற்றிடக் கலத்தில் உலோகத்தை அணுக்களாகச் சிதறச் செய்து தகடுகளின்மேல் படிய வைக்கும் முறையில், வர்ணத்தைக் காட்டிலும் சிறந்த தேர்ந்து உறிஞ்சும் மேற்பரப்புகள் ஐரோப்பாவில் சுருள் சுருளாகத் தயாராகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 0.95 அளவு உறிஞ்சி, 0.05 அளவே உமிழும் அவற்றோடு எந்த வர்ணமும் இன்று போட்டியிட முடியாது. ஆனால் அவற்றுக்குப் பெரிய யந்திரங்களும் பெரிய மூலதனமும் வேண்டும். வர்ணத்துக்கு வேண்டியவை ஓர் உலை, ஓர் ஆலை, ஒரு ஸ்ப்ரே கன், நிதானமான கை ஆகியவையே. வளைந்த குழாய்க்கும், ஏற்கெனவே நிறுத்தி வைத்த கலத்துக்கும், கிராமத்தில் தகரத்தால் செய்த உலர்த்திக்கும் வர்ணத்தைப் பூசலாம். தேய்ந்தால் இருந்த இடத்திலேயே மறுபடி பூசலாம். சூரியன் இவ்வளவு தாராளமாகக் காயும் நம் தேசத்தில், மீனையும் மிளகாயையும் மூலிகையையும் உலர்த்துவதற்கும், வெந்நீருக்கும், சிறு தொழிற்சாலைகளின் உஷ்ணத் தேவைக்கும் இதைக்காட்டிலும் எளிய உதவி வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அதற்கான ரசாயன முறைகளில் ஒன்று நம் பெங்களூரிலேயே விரிவாக வளர்ந்திருக்கும்போது, நிறமியை வெளிநாட்டிலிருந்து எதிர்பார்த்திருப்பது நமக்குப் பெருமை தராது.

கல்லூரி ஆராய்ச்சிக்கூடங்களில் ஆண்டுதோறும் இத்தகைய தூள்களை மாணவர்கள் செய்கிறார்கள். துகளின் அளவையும் படிக அமைப்பையும் அளந்து கட்டுரை எழுதியதோடு பெரும்பாலும் வேலை நின்றுவிடுகிறது. அத்தூளைப் பிசினில் கலந்து, தகட்டில் பூசி, ஆடி மாதக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் ஒரு வருஷம் மொட்டை மாடியில் வைத்து, முதல் நாளும் கடைசி நாளும் அதன் திறனை அளந்து எழுதிவைக்கும் பொறுமை நமக்கு வர வேண்டும். சிறிய பெயிண்டுத் தொழிலதிபர்கள் அந்தக் கல்லூரிகளின் கதவைத் தட்ட வேண்டும். கல்லூரிகளும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தூளைக் கையாளுகிறவர்களுக்கு நல்ல முகக்கவசமும் காற்றோட்டமும் கொடுப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய கடமை. நுண்ணிய தூள் பூச்சில் பிணைந்துவிட்ட பிறகு பறக்காது, பையைத் திறக்கும்போது பறக்கும்.

இதை வாசிக்கும் அன்பர்களில் யாரேனும் சூரிய வெந்நீர்க் கலமோ உலர்த்தியோ வாங்கப் போவீர்களானால், தகடு கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். அதன் உறிஞ்சுதிறன் எவ்வளவு, உமிழ்திறன் எவ்வளவு, எத்தனை டிகிரி உஷ்ணத்தை எத்தனை ஆண்டு தாங்கும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் பெருகினால், அளந்து சொல்பவர்களும் பெருகுவார்கள்.